ஒரு மேசை, இரண்டு கணினிகள்

பத்து கிகாபிட் ஈதர்நெட் கம்பியில் சின்னஞ்சிறு பாக்கெட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தால், ஒன்று வந்து அடுத்தது வருவதற்கு 67.2 நானோ நொடிதான் ஆகும். கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஈதர்நெட்டில் மிகச் சிறிய பாக்கெட் 64 பைட். அதற்கு முன்னால் ஓடிவரும் 8 பைட் அறிவிப்பையும், பின்னால் கட்டாயம் விடவேண்டிய 12 பைட் இடைவெளியையும் சேர்த்தால் 84 பைட், அதாவது 672 பிட். நொடிக்கு ஆயிரம் கோடி பிட் ஓடும் கம்பியில் இப்படி 1 கோடியே 48 லட்சம் பாக்கெட்டுகள் ஒரு நொடிக்குள் வந்து சேரும்.

3 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் செயலிக்கு 67.2 நானோ நொடி என்பது ஏறக்குறைய 200 துடிப்புகள். அதற்குள் பாக்கெட்டின் தலைப்பைப் படித்து, முகவரி அட்டவணையைப் புரட்டி, எந்த வாசல் வழியாக அனுப்புவது என்று முடிவெடுக்க வேண்டும். தேடும் முகவரி செயலியின் உள்நினைவில் இல்லாமல் வெளியே உள்ள ரேமுக்கு ஒருமுறை போய்வர நேர்ந்தால், அந்த ஒரு பயணமே பெரும்பகுதி நேரத்தைத் தின்றுவிடும். நூறு கிகாபிட் கம்பி என்றால் கையிலிருப்பது வெறும் 20 துடிப்பு. மென்பொருள் உலகம் இதற்குப் பல வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறது. வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பாக்கெட்டுகளைக் கட்டுக்கட்டாக எடுக்கிறார்கள். டிபிடிகே போன்ற நூலகங்களைக் கொண்டு கர்னலையே சுற்றிக்கொண்டு போகிறார்கள். எல்லாம் பயன்தரும் வழிகள்தாம். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரே அளவு நேரத்தில் கடந்து போகவேண்டும், வந்த கணத்தை நானோ நொடித் துல்லியத்தில் குறிக்கவேண்டும், இதுவரை எந்தச் சில்லிலும் இல்லாத புதிய நெறிமுறையைச் சோதிக்கவேண்டும் என்றால் வன்பொருளிடம்தான் போகவேண்டும். புதிய சில்லு ஒன்றை வார்த்தெடுக்கக் கோடிக்கணக்கில் பணமும் ஆண்டுக் கணக்கில் காலமும் வேண்டும். அதனால் ஆய்வாளர்கள் எஃப்பிஜிஏவை எடுக்கிறார்கள்.

எஃப்பிஜிஏ என்பது வயல் போல விரிந்த சிறு அட்டவணைகளின் கூட்டம். இன்றைய பெரிய சில்லுகளில் ஒவ்வோர் அட்டவணைக்கும் 6 உள்ளீடுகள், 64 பிட் நினைவு. அந்த 64 பிட்டில் எதை நிரப்புகிறோமோ அதுவே அந்த இடத்தின் தர்க்கச் சுற்று ஆகிவிடுகிறது. எந்த அட்டவணை எதோடு இணைகிறது என்பதையும் நினைவு பிட்டுகளே தீர்மானிக்கின்றன. ஆக, ஒரு கோப்பை ஏற்றினால் அது ரூட்டர். வேறொன்றை ஏற்றினால் அதே சில்லு ஸ்விட்ச். ராஸ் ஃப்ரீமன் தன் கூட்டாளிகளோடு 1984இல் தொடங்கிய ஜைலிங்ஸ் நிறுவனம் மறு ஆண்டு வெளியிட்ட முதல் சில்லில் 64 தர்க்கக் கட்டங்கள் இருந்தன. இன்று நூறு கிகாபிட் வேலைக்குப் பயன்படும் விர்டெக்ஸ் அல்ட்ராஸ்கேல் பிளஸ் வியு9பி என்ற வகையில் அட்டவணைகள் மட்டும் 11 லட்சத்துக்கு மேல்.

இதன் கடிகாரம் ஒன்றும் வேகமானதல்ல. 250 மெகாஹெர்ட்ஸில் ஓடினாலே நல்ல வடிவமைப்பு. ஒரு துடிப்புக்கு 4 நானோ நொடி. பலம் அகலத்தில் இருக்கிறது. ஒரே துடிப்பில் 512 பிட், அதாவது ஒரு முழுச் சிறு பாக்கெட், ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகரும். கான்கிரீட் போடும் நாளில் சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவார்களே, அதே ஏற்பாடு: எந்தச் சட்டியும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை, கடைசி ஆளிடம் சட்டி வந்துகொண்டே இருக்கிறது. 512 பிட்டை 250 மெகாஹெர்ட்ஸால் பெருக்கினால் 128 கிகாபிட். நூறு கிகாபிட் கம்பிக்கு அது போதும்.

இந்த வித்தையை மாணவர்கள் கைக்குக் கொண்டுவந்தது ஸ்டான்ஃபோர்டில் நிக் மெக்கியோன் குழு தொடங்கிய நெட்எஃப்பிஜிஏ. முதலில் பரவலான அட்டையில் நான்கு ஒரு கிகாபிட் போர்ட்டுகள், விர்டெக்ஸ் 2 புரோ சில்லு, சாதாரண பிசிஐ இணைப்பு. 32 பிட், 33 மெகாஹெர்ட்ஸ் பிசிஐயால் நொடிக்குச் சுமார் ஒரு கிகாபிட் மட்டுமே கடத்த முடியும். அட்டையில் வந்து சேர்வதோ நான்கு. கணினியிடம் கேட்டுக் கேட்டு வேலை செய்ய அந்த அட்டைக்கு வழியே இல்லை. பாக்கெட்டுகளைத் தானே தீர்த்துவிட்டு, தனக்குப் புரியாததை மட்டும் லினக்ஸிடம் அனுப்பும். வேகப் பாதை சில்லில், சிந்திக்கும் பாதை மென்பொருளில் என்ற அந்தப் பிரிவினையை இவ்வளவு தெளிவாகக் கற்றுக்கொடுத்த கருவி வேறொன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. 2008இல் ஓப்பன்ஃப்ளோ என்ற கருத்து முன்வைக்கப்பட்டபோது அதன் ஸ்விட்சை இந்த அட்டையிலும் கட்டிக் காட்டினார்கள். 2014இல் நான்கு பத்து கிகாபிட் போர்ட்டுகளும் விர்டெக்ஸ் 7 690டி சில்லும் கொண்ட சுமே அட்டை ஸ்டான்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கூட்டுமுயற்சியில் வந்தது. 2020இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தில் அலெக்ஸ் ஃபோரன்சிச்சும் உடனாளிகளும் கோரண்டம் என்ற முழுத் திறந்தமூல நூறு கிகாபிட் நெட்வொர்க் அட்டை வடிவமைப்பை வெளியிட்டார்கள்.

வன்பொருளை விவரிக்கும் வெரிலாக் மொழியைக் கற்றுக்கொண்டு இந்தத் துறைக்குள் நுழைபவர்களைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் வெரிலாக் அல்ல. அட்டையைச் செருகவேண்டிய லினக்ஸ் கணினி. முதல் நெட்எஃப்பிஜிஏ காலத்திலேயே அட்டை பொருத்தி, சென்ட்ஓஎஸும் டிரைவரும் நிறுவித் தயார்நிலையில் உள்ள கணினிகளை விற்றார்கள் என்றால் சிரமம் எவ்வளவு என்று ஊகிக்கலாம். வலைத்தளம் எழுதுபவருக்குக் கணினி ஒரு மேசை மாதிரி, மேலே வேலை நடக்கும், மேசை மாறாது. இங்கே அட்டை கணினியின் உறுப்பாகவே ஆகிவிடுகிறது. பயாஸ், பிசிஐ எக்ஸ்பிரஸ் தடம், கர்னல், டிரைவர் எல்லாம் அதோடு ஒத்துப்போக வேண்டும். அதனால் இதைத் தொடங்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது: ஒரு கணினி போதாது. வடிவமைப்பை எழுதிச் சுற்றாக மாற்றுவதற்கு ஒன்று, அட்டையைச் செருகிச் சோதிப்பதற்கு வேறொன்று. பணம் குறைவு என்றால் இரண்டாவதைப் பழைய கணினியாக வாங்கிக்கொள்ளலாம், ஒன்றிலேயே இரண்டையும் செய்யக்கூடாது. காரணம் போகப் போகத் தெரியும்.

முதல் கணினியின் வேலை கடுமையானது. வெரிலாக் வரிகளை அட்டவணைகளாக்கி, லட்சக்கணக்கான அட்டவணைகளுக்குச் சில்லில் இடம் பார்த்து, அவற்றுக்கிடையே கம்பிவழி தேடி, எந்த வழியும் 4 நானோ நொடியைத் தாண்டவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பெரிய சில்லுக்கு இது மணிக்கணக்கில் ஓடும். இங்கே பலர் தவறான செயலியை வாங்குகிறார்கள். ஜைலிங்ஸ் உருவாக்கிய விவாடோ மென்பொருள் லினக்ஸில் இயல்பாக 8 இழைகளைத்தான் பயன்படுத்தும், விண்டோஸில் 2. இடம் தேடும் வேலையைப் பகுதி பகுதியாகப் பிரிப்பதும் கடினம். எனவே 64 கோர் கொண்ட மெதுவான சர்வரைவிட, குறைந்த கோர்களும் அதிகத் துடிப்பும் கொண்ட செயலி நேரத்தை மிச்சப்படுத்தும். கோர்கள் நிறைய இருந்தால் ஒரே வடிவமைப்பைப் பல உத்திகளில் ஒரே சமயத்தில் ஓட்டிப் பார்க்கலாம், அது தனி வசதி. பெரிய சில்லுகளுக்கு 64 கிகாபைட் ரேம் வைத்துக்கொள்வது நல்லது. ரேம் தீர்ந்து வட்டுக்கு இறங்கினால் அன்றைய நாள் போயிற்று. மென்பொருளே வட்டில் பல பத்து கிகாபைட் பிடிக்கும்.

எந்த லினக்ஸ் என்பதில் ஆசைக்கு இடமில்லை. விவாடோவின் ஒவ்வொரு பதிப்புக்கும் அது எந்த ரெட் ஹேட், எந்த உபுண்டு பதிப்பில் சோதிக்கப்பட்டது என்ற பட்டியல் உண்டு. அதில் உள்ளதைத்தான் நிறுவவேண்டும். நேற்று வெளிவந்த புதிய உபுண்டுவில் போட்டால் நிறுவல் கடைசிக் கட்டத்தில், சில்லுகளின் பட்டியலைத் தயாரிக்கும்போது, பிழைச் செய்தி ஒன்றும் தராமல் அப்படியே நின்றுவிடுவது இந்தத் துறையில் பிரசித்தம். லிப்டின்ஃபோவின் ஐந்தாம் பதிப்பு என்ற சிறு முனைய நூலகத்தை அது தேடுகிறது. புதிய உபுண்டுவில் ஆறாம் பதிப்புதான் இருக்கிறது. பழையதை நிறுவினால் நிமிடங்களில் முடிந்துவிடும். காரணம் தெரியாதவர் நாள்கணக்கில் தேடுவார்.

லைசென்ஸ் விஷயமும் இப்படித்தான். சுமே அட்டையின் 690டி போன்ற பெரிய சில்லுகள் விவாடோவின் இலவசப் பதிப்பில் வராது. பல்கலைக்கழகங்கள் அதற்கான திட்டத்தின் கீழ் லைசென்ஸ் பெறுகின்றன. அல்ட்ராஸ்கேல் பிளஸ் சில்லுக்குள் பதித்தே வரும் நூறு கிகாபிட் ஈதர்நெட் பகுதிக்குக் கட்டணம் கிடையாது, ஆனாலும் லைசென்ஸ் கோப்பை எடுத்துப் போட்டாக வேண்டும். இந்தக் கோப்பு பெரும்பாலும் கணினியின் நெட்வொர்க் முகவரியோடு கட்டப்பட்டிருக்கும். பழைய கருவிகள் அந்த முகவரியை ஈத்0 என்ற பெயருள்ள இணைப்பில் மட்டுமே தேடின. 2013 முதல் சிஸ்டம்டி அந்தப் பெயரை மாற்றி, அட்டை எந்தத் துளையில் இருக்கிறதோ அதைக் கொண்டு பெயர் வைக்கத் தொடங்கியது. லைசென்ஸ் செல்லாததானது. கர்னல் துவங்கும்போது பழைய பெயரிடல் முறையைக் கேட்டு ஒரு சொல் சேர்த்தால் சரியாகிவிடும். பழைய அட்டைகளோடு வேலை செய்பவர்களுக்கு இது இன்றும் தேவைப்படும்.

இவ்வளவு பாடுபட்டு அமைத்த கணினியில் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிட வேண்டும். விவாடோவின் பதிப்பு, லினக்ஸின் பதிப்பு, வடிவமைப்பின் பதிப்பு மூன்றும் ஒன்றாகக் குறித்துவைக்கப்பட வேண்டும். ஓராண்டு கழித்து அதே கோப்பை மறுபடி உருவாக்க முடியவில்லை என்றால் அதைக் கொண்டு வெளியிட்ட அளவீட்டுக்கு மதிப்பு இல்லை.

சில்லுக்குப் போகும் முன் சிமுலேஷன். இங்கே கடந்த பத்தாண்டுகளில் வந்த மாற்றம் மனதுக்கு நிறைவானது. முன்பு விலையுயர்ந்த கருவிகளால் மட்டுமே செய்ய முடிந்ததை இன்று இகாரஸ் வெரிலாக், வெரிலேட்டர், அலைவடிவம் பார்க்க ஜிடிகேவேவ் ஆகிய இலவசக் கருவிகளால் செய்யலாம். உபுண்டுவில் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். கோகோடிபி என்ற நூலகம் சோதனையைப் பைத்தானில் எழுத வழிசெய்கிறது. கோரண்டம் குழு இன்னும் ஒரு படி மேலே போய் ஈதர்நெட் கம்பியையும் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடத்தையும் பைத்தான் மாதிரிகளாக எழுதி வெளியிட்டிருக்கிறது. அட்டையே இல்லாமல், மடிக்கணினியில், டிரைவர் பேசுவதுபோல் வடிவமைப்போடு பேசிப் பார்க்கலாம். இது மிக மெதுவாக ஓடும். ஆனால் ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு துடிப்பிலும் என்ன செய்தது என்று கண்ணால் பார்க்கலாம். சில்லுக்குள் போய்விட்டால் அந்தக் கண் போய்விடும். மூன்று மணி நேரம் சுற்றாக்கிவிட்டுப் பிழை தேடுவதைவிடச் சிமுலேஷனில் மூன்று நாள் இருப்பது லாபம்.

இப்போது இரண்டாவது கணினி. அட்டையைச் செருகும் முன்பே பார்க்கவேண்டியது மதர்போர்டின் தடங்கள். மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரு தடம் சுமார் 8 கிகாபிட்; 16 தடம் சேர்ந்தால் 126 கிகாபிட், 8 தடத்துக்கு 63. பார்வைக்கு 16 தட நீளம் கொண்ட துளைகள் பலவற்றில் உள்ளே 8 அல்லது 4 தடமே கம்பியிட்டிருக்கும். நூறு கிகாபிட் அட்டையை அதில் செருகினால் எல்லாம் வேலை செய்யும், வேகம் மட்டும் ஒருபோதும் வராது. எல்எஸ்பிசிஐ கட்டளையை விரிவாகக் காட்டச் சொன்னால் அட்டையின் திறன் எவ்வளவு, இப்போது கிடைத்திருக்கும் தடம் எவ்வளவு என்று இரண்டு வரிகளில் சொல்லும். அந்த இரண்டு வரிகளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளலாம். அதோடு குளிர்ச்சி: அல்வியோ யு50 போன்ற அட்டைகளில் விசிறி கிடையாது, சர்வர் பெட்டியில் வீசும் காற்றை நம்பிச் செய்யப்பட்டவை. சாதாரணப் பெட்டியில் வைப்பவர் தனியாக விசிறி பொருத்தவேண்டும்.

அட்டையில் கோப்பை ஏற்ற ஜேடாக் என்ற யூஎஸ்பி கேபிள். விவாடோவைச் சாதாரணப் பயனராக நிறுவினால் அந்தக் கேபிளைத் தொட அனுமதி இருக்காது. விவாடோவின் உள்ளே கேபிள் டிரைவருக்கென்று ஒரு நிறுவல் நிரல் தனியாகக் கிடக்கிறது. அதை நிர்வாகி உரிமையோடு ஒருமுறை ஓட்டினால் அந்த அனுமதிக்கான யூடெவ் விதிகள் அமைந்துவிடும். அவ்வளவுதான்.

அடுத்து வருவதுதான் இந்த வேலையின் மையச் சிக்கல். எஃப்பிஜிஏ மின்சாரம் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். கணினியைப் போட்டதும் அது வெற்றுச் சில்லு. பிசிஐ எக்ஸ்பிரஸ் விதிப்படி மின்சாரம் நிலைபெற்றபின் குறைந்தது 100 மில்லி நொடி ரீசெட் இருக்கும். அது விலகிய 20 மில்லி நொடிக்குள் அட்டை இணைப்புக்குத் தயாராகிவிட வேண்டும். வியு9பி சில்லின் உள்ளமைவுக் கோப்போ சுமார் 80 மெகாபைட். நான்கு கம்பி பிளாஷ் நினைவிலிருந்து அதைப் படிக்கவே ஒரு நொடிக்கு மேல் ஆகும். கணினி துவங்கச் சில நொடிகள் எடுத்துக்கொள்வதால் பல சமயம் தப்பித்துவிடுகிறது; பயாஸ் வேகமானதென்றால் அட்டையே கண்ணில் படாது. ஜேடாக் வழியாகப் பிறகு ஏற்றினாலும் பயாஸ் கணக்கெடுப்பை முடித்துவிட்டிருக்கும். அட்டைக்கென்று முகவரி இடம் ஒதுக்கியிருக்காது. வழி என்னவென்றால், ஏற்றிவிட்டு மின்சாரத்தை அணைக்காமல் கணினியை மறுதுவக்கம் செய்வது. இம்முறை பயாஸ் பார்க்கும்போது அட்டை தயாராக இருக்கும். எல்எஸ்பிசிஐ பட்டியலில் 10இஇ என்ற ஜைலிங்ஸின் அடையாள எண் தெரிந்தால் கைகொடுத்துக்கொள்ளலாம்.

அதன்பின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுதுவக்கம் தேவையில்லை. பழைய சாதனத்தைக் கர்னலின் பட்டியலிலிருந்து நீக்கி, புதிய கோப்பை ஏற்றி, தடத்தை மறுபடி தேடச் சொல்லலாம். சிஸ்எஃப்எஸ் கோப்புகளில் இரண்டு முறை 1 என்று எழுதினால் போதும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து அட்டை திடீரென மறைவதைச் சில சர்வர்கள் கொடிய பிழையாக எடுத்துக்கொண்டு முழுவதும் நின்றுவிடும். கோரண்டத்தின் ஏற்றும் கருவி இதை அறிந்தே, ஏற்றும் முன் மேலேயுள்ள பிசிஐ போர்ட்டில் அந்தப் பிழை அறிவிப்பை நிறுத்திவைக்கிறது.

இரண்டு கணினி ஏன் என்பதற்கான முழுக் காரணம் டிஎம்ஏவில் இருக்கிறது. வேகத்துக்காக அட்டை செயலியைக் கேட்காமல் நேரே ரேமில் எழுதுகிறது. உங்கள் வடிவமைப்பில் முகவரிக் கணக்கு ஒரு பிட் பிசகினால் பாக்கெட்டின் பைட்டுகள் கர்னலின் தலையிலோ, வட்டுக்கு எழுதப்படக் காத்திருக்கும் கோப்பின் மீதோ போய் விழும். மென்பொருள் பிழை என்றால் அந்த நிரல் மட்டும் சாகும். இது கணினியையே சாய்க்கும், கோப்பையும் அழிக்கும். அந்தக் கோப்பு உங்கள் ஆறு மாத வெரிலாக்காக இருக்கக்கூடாது. ஐஓஎம்எம்யூ என்ற காவல் சுற்று இப்போது பெரும்பாலான செயலிகளில் உண்டு. அட்டை தனக்கு ஒதுக்கிய பக்கங்களைத் தாண்டி எழுத முயன்றால் தடுத்து, கர்னல் பதிவில் எழுதிவைக்கும். வேகம் குறைகிறதென்று இதைத் தளர்த்திவிடச் சொல்வார்கள். வடிவமைப்பு முதிரும்வரை முழுக் காவலோடு ஓட்டுவதே சரி. எங்கே தவறாக எழுதப் பார்த்தது என்று அது காட்டும் முகவரியே பாதிப் பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும்.

டிரைவரைப் பொறுத்தவரை, லினக்ஸ் கர்னல் வெளியே உள்ள நிரல்களுக்குக் கொடுத்த வாக்கை மாற்றாது. உள்ளே இருக்கும் டிரைவர்களுக்கு அப்படி எந்த வாக்கும் கொடுத்ததில்லை. கர்னல் மூலத்துக்கு வெளியே வைத்து வளர்க்கும் டிரைவர், கர்னல் மாறினால் கம்பைல் ஆகாமல் போகலாம். சோதனைக் கணினியில் கர்னலைப் பூட்டி, அதற்குரிய தலைப்புக் கோப்புகளை நிறுவி வைக்கவேண்டும். பயாஸில் செக்யூர் பூட் இயங்கினால் கையொப்பமில்லாத உங்கள் டிரைவரைக் கர்னல் ஏற்காது. அணைத்துவிடுங்கள், அல்லது சொந்தச் சாவியால் கையொப்பமிடுங்கள். முதலில் ஏற்றவேண்டியது சொந்த வடிவமைப்பை அல்ல, கோரண்டமோ நெட்எஃப்பிஜிஏவோ தரும், பலர் கையில் ஓடி நிரூபணமான வடிவமைப்பை. அது ஓடாவிட்டால் கோளாறு கணினியில் என்று தெரிந்துவிடும்.

சோதனையில் ஒரு பொறி உண்டு. அட்டையின் இரண்டு போர்ட்டுகளையும் ஒரே கேபிளால் இணைத்து, இரண்டுக்கும் ஒவ்வொரு ஐபி முகவரி கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிங் அனுப்பினால் பதில் உடனே வரும். கேபிளைப் பிடுங்கிவிட்டு அனுப்பினாலும் பெரும்பாலும் பதில் வந்துகொண்டே இருக்கும். இரண்டு முகவரியும் தன்னுடையவையே என்று லினக்ஸுக்குத் தெரியும். தனக்குத் தானே பேச அது கம்பிக்குப் போவதில்லை. அட்டை வழியே ஒரு பிட்கூடப் போயிருக்காது. இரண்டு போர்ட்டுகளையும் தனித்தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸில் வைக்கவேண்டும். அப்போது ஒரே கர்னலுக்குள் இரண்டு வெவ்வேறு கணினிகள் இருப்பதுபோல் ஆகி, பாக்கெட் கம்பி வழியாகத்தான் போகவேண்டியிருக்கும்.

கேட்காமலே வரும் பாக்கெட்டுகள் எதிர்ப்பக்கத் தொல்லை. புதிய இணைப்பு தோன்றியதும் நெட்வொர்க் மேனேஜர் டிஹெச்சிபி கேட்டு ஒலிபரப்பும். ஐபிவி6 அக்கம்பக்கம் ரூட்டர் இருக்கிறதா என்று விசாரிக்கும். பத்துப் பாக்கெட் அனுப்பிவிட்டுச் சில்லின் எண்ணியில் பதினாலு என்று பார்ப்பவர் வடிவமைப்பில் பிழை தேடத் தொடங்கிவிடுவார். சோதனை இணைப்புகளை நெட்வொர்க் மேனேஜரின் பொறுப்பிலிருந்து விலக்கி, ஐபிவி6ஐ அவற்றில் நிறுத்திவிட்டால் கம்பி அமைதியாகும். பிறகு பத்து அனுப்பினால் அனுப்பிய டிரைவரின் கணக்கு, சில்லுக்குள் உள்ள எண்ணி, மறுமுனையில் ஈத்டூல் காட்டும் எண், டிசிபிடம்ப் பிடித்த எண் நான்கும் பத்தாக இருக்கவேண்டும். பத்து ஒத்துவந்ததும் பத்து லட்சம், பிறகு கம்பி தாங்கும் முழு வேகம். அங்கும் எண்கள் ஒத்திருந்தால், சொந்த வெரிலாக்கைத் திறக்கலாம். முழு வேகத்தில் டிசிபிடம்ப்தான் முதலில் பின்தங்கும். அதன் கணக்கை அப்போது விட்டுவிட்டு மற்ற மூன்றை நம்பலாம்.